கினியும் இல்லை, பன்றியும் இல்லை: ஒரு சின்னப் பிராணியின் பெரிய வரலாறு

கினிபிக் வளர்க்க ஆசைப்படுற தம்பி தங்கச்சிமார் நம்ம பக்கமும் இருக்காங்க. செல்லப்பிராணி விக்கிற கடைக்குப் போனா, முயலுக்கும் லவ் பேர்ட்ஸுக்கும் பக்கத்துக் கூட்டுல அது உட்கார்ந்திருக்கும். உருண்டையா, வால் இல்லாம, மூக்கை ஆட்டிக்கிட்டு. விலையும் பெருசா இல்லை. வாங்கிட்டு வந்து முயல் மாதிரியே வளர்ப்பாங்க. கொஞ்ச நாள்ல அது சாப்பிடாம, நடக்காம மூலையில முடங்கிப்போகும். "அதுக்கு ஆயுசு அவ்வளவுதான்"னு சொல்லிக் கதையை முடிச்சிடுவாங்க.

உண்மையில அதுக்கு ஆயுசு 5 முதல் 8 வருசம். அந்த ஆயுசு ஏன் பாதியிலேயே முடிஞ்சு போகுதுங்கிற கேள்விக்குப் பதில் அதோட வரலாற்றுக்குள்ள இருக்கு. அது எங்க இருந்து வந்தது, யார் அதை வளர்த்தாங்க, ஆய்வுகூடத்துக்குள்ள அதை வச்சு மனுசன் என்ன படிச்சான் எல்லாம் தெரிஞ்சா, கூட்டுக்குள்ள அதுக்கு என்ன போடணும்னும் தெரியும். அதனால இந்தக் கட்டுரையை வளர்ப்புக் குறிப்பாவும் படிக்கலாம், வரலாறாவும் படிக்கலாம்.

பேர்ல இருக்கிற பிழை

முதல்ல பேரைப் பார்ப்போம். கினி என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரை. இந்தப் பிராணி அங்க பிறக்கவே இல்லை. பிக் என்றால் பன்றி. இது பன்றியும் இல்லை, எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் சேர்ந்த கொறிக்கும் பிராணிகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆக, பேர்ல உள்ள ரெண்டு சொல்லுமே பிழை.

அந்தக் காலத்தில ஒரு கினி நாணயத்துக்கு இதை வித்தாங்க, அதனாலதான் இந்தப் பேர்னு ஒரு கதை உண்டு. அந்தக் கதை நிக்காது. இங்கிலாந்து கினி நாணயத்தை முதன்முதலா அடிச்சது 1663-ல். இந்தப் பேரோ 1653-ல அச்சான ஆங்கிலப் புத்தகத்திலேயே வந்திடுது. தூரதேசத்துச் சாமான் எல்லாத்துக்கும் கினின்னு பேர் வச்ச காலம் அது என்பதும், கினிக் கரை வழியா வந்த கப்பல்ல ஏறி வந்திருக்கலாம் என்பதும் கொஞ்சம் நம்பக்கூடிய விளக்கங்கள்.

மற்ற மொழிக்காரங்க வச்ச பேர் இன்னும் வேடிக்கை. ஜெர்மன் மொழியில 'குட்டிக் கடற்பன்றி'. இது கடல்ல நீந்துற பிராணி இல்லை, கடல் கடந்து வந்தது, அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர் 'இந்தியப் பன்றி' என்றார்கள். போர்த்துக்கேயர் 'இந்தியப் பன்றிக்குட்டி' என்றார்கள். ஸ்பானியர் 'இந்தியாவின் குட்டி முயல்' என்றார்கள். கொலம்பஸ் அமெரிக்காவுல இறங்கி அதை இந்தியான்னு நினைச்ச தவறு, ஒரு சின்னப் பிராணியோட முதுகுல இன்னைக்கும் ஏறி உட்கார்ந்திருக்கு.

தமிழ்லயும் 'சீமைப் பெருச்சாளி'ன்னு ஒரு பேர் இருக்கு. கடல் கடந்து வந்த எதுக்கும் முன்னால 'சீமை'ன்னு போடுறது நம்ம பழக்கம். சீமை எண்ணெய், சீமை ஓடு மாதிரி. அந்த வகையில் தமிழ்ப்பேர் கொஞ்சம் நேர்மையானது. எந்த ஊர்னு பொய் சொல்லாம, 'வெளியூர்'னு மட்டும் சொல்லுது.

நம்ம ஆளுங்களுக்கு இந்த இடத்துல சின்னதா ஒரு உறுத்தல் வரும். 200 வருசமா இந்த மண்ணுல வேலை செஞ்ச சனத்தை ஆவணங்கள் 'இந்தியத் தமிழர்'னே எழுதி வந்தன. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த அடையாளத்தை வச்சே லட்சக்கணக்கான பேரை நாடற்றவங்க ஆக்கியது. 2023-ல தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்துல நாங்க கேட்டதுல ஒண்ணு, மலையகத் தமிழர் என்ற எங்க பேரை நாங்களே சொல்லிக்கிற உரிமை. மனுசனையும் மிருகத்தையும் ஒப்பிடுறதுக்காக இதைச் சொல்லல. பேர் வைக்கிறவன் கப்பலை ஓட்டினவன்தான், கப்பல்ல வந்த யாரையும் யாரும் கேட்கலங்கிறதுக்காகச் சொல்றேன்.

அந்தீஸ் அடுப்படி

கினிபிக்கோட சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை. இன்றைய பெரு, பொலிவியா, எக்குவடோர். அங்கே சுமார் 7,000 வருசத்துக்கு முன்னாலேயே மனுசர் இதைப் பழக்கத் தொடங்கிவிட்டதாகத் தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். கெச்சுவா மொழியில இதுக்குப் பேர் 'குய்'. அது போடுற சத்தத்தையே பேரா வச்சுட்டாங்க. அந்தப் பேர்ல மட்டும் பிழையில்லை.

அந்தீஸ் மலையில இது வளர்ந்த இடம் அடுப்படி. மண் வீட்டுக்குள்ள, அடுப்புச் சூட்டைச் சுத்தி, தரையில ஓடித் திரியும். சமைக்கிற அம்மா கீரைத்தண்டையும் சோளத்தோகையையும் கீழே போடுவாங்க, அது தின்னும். பெருசா வளர்க்குற இடம் வேணாம், மேய்ச்சல் நிலம் வேணாம். நிலம் இல்லாத ஏழைக் குடும்பத்துக்கும் இறைச்சி கிடைச்சது. நம்ம லயத்துல கோழி எப்படியோ, அங்க குய் அப்படி.

ஆமா, அங்க அதைச் சாப்பிடுறாங்க. இன்னைக்கும் சாப்பிடுறாங்க. பெருவின் குஸ்கோ நகரத்துப் பேராலயத்துல மார்கோஸ் சபாட்டா 1753-ல வரைஞ்ச இயேசுவின் இறுதி இராவுணவு ஓவியம் இருக்கு. அதுல மேசை நடுவே தட்டுல வறுத்து வச்சிருக்கிறது குய் என்றுதான் பலர் சொல்றாங்க. யூதேயாவுல நடந்த விருந்துக்கு அந்தீஸ்காரர் தங்க வீட்டுச் சாப்பாட்டைப் போட்டுட்டாங்க.

சாப்பாடு மட்டும் இல்ல. கல்யாணச் சீரா கொடுப்பாங்க. நோயாளியின் உடம்புல குய்யைத் தடவி, எங்க நோய் இருக்குன்னு பார்க்கிற நாட்டுவைத்தியரும் உண்டு. சாமிக்கும் படைச்சாங்க. பெருவில் அகழ்ந்தெடுத்த இடங்களில் பதப்பட்ட குய் உடல்களும் கிடைத்திருக்கின்றன.

இந்த அடுப்படி வரலாற்றுல இருந்து மூணு விசயத்தை மனசுல வச்சுக்குங்க. அது குளிர்ந்த மலைப் பிராணி. கூட்டமா வாழ்ந்த பிராணி. தினமும் பச்சை இலை தின்ன பிராணி. பின்னால இந்த மூணும் வரும்.

கப்பல் ஏறின கதை

16-ஆம் நூற்றாண்டுல ஸ்பானியர் இன்கா அரசைப் பிடிச்சாங்க. தங்கமும் வெள்ளியும் ஏத்தின கப்பல்கள்ல உருளைக்கிழங்கும் குய்யும் கூடப் போச்சு. 1550-களிலேயே சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர் இதைப்பத்தி எழுதிட்டார். 1580 அளவில் வரைஞ்ச ஆங்கில ஓவியம் ஒன்னுல பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மூணு பேர் நிக்கிறாங்க. அதுல பெண் பிள்ளையின் கையில மூணு நிறத்துல ஒரு கினிபிக். ஐரோப்பாவுல கிடைச்ச பழைய படங்கள்ல, இதைச் செல்லப்பிராணியா காட்டுற முக்கியமான படம் அது.

பணக்காரங்க மட்டும்தான் வளர்த்தாங்கன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. ஆனா பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரத்துல, 16-ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நடுத்தர வீடு ஒன்றில் கினிபிக் எலும்புக்கூடு கிடைச்சது. ஆக, சாதாரணக் குடும்பமும் அதை வீட்டுல வச்சிருந்திருக்கு. அடுப்படியில் உணவா இருந்தது, கடல் தாண்டினதும் மடியில் உட்காரும் பிராணியாகிவிட்டது.

அந்தீஸ் மலையில இருந்து நம்ம மலைக்கு வந்தவை வேற. கோப்பிப் பயிரைத் துருநோய் தாக்கத் தொடங்கினது 1869-ல். தோட்டக்காரங்க அடுத்த பயிர் தேடினப்ப கைகொடுத்ததுல ஒண்ணு சிங்கோனா. மலேரியாவுக்கான கொயினா மருந்து அதோட பட்டையில இருந்து வருது. அந்த மரத்தை வளர்க்கத்தான் 1861-ல ஹக்கல பூங்காவை உருவாக்கினாங்க. அதோட பூர்வீகமும் அந்தீஸ் சரிவுதான். 1876-ல ரப்பர் கன்னுகள் ஹெனரத்கொடைக்கு வந்தன, அது அமேசன் காட்டுப் பிள்ளை. இன்னைக்கு கேகாலை மாவட்டத்துல விடியமுன்ன பால் வெட்டப் போற ஒவ்வொருத்தரும் தென் அமெரிக்க மரத்தைத்தான் வெட்டுறாங்க. உருளைக்கிழங்கும் மிளகாயும் அந்தப் பக்கத்தில் இருந்து வந்தவைதான். குய்யோட ஊர்க்காரங்க எல்லாம் குய்க்கு முன்னாலேயே நம்ம மலையில குடியேறிட்டாங்க.

ஐஸ் பெட்டியும் ஊசியும்

ஐரோப்பாவுல கினிபிக் வேகமா பெருகுச்சு. சாதுவானது, கடிக்காது, செலவு குறைவு. ஆய்வாளர் கண்ணுல இதுவும் பட்டது.

1780-களின் தொடக்கத்துல பிரான்சின் லவோய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சுத்தி வச்ச ஒரு பாத்திரத்துக்குள்ள கினிபிக்கை உட்கார வச்சாங்க. 10 மணித்தியாலத்துல எவ்வளவு ஐஸ் உருகுதுன்னு அளந்தாங்க. அது விட்ட மூச்சையும் அளந்தாங்க. நெருப்பு எரியுறதும் உயிர் மூச்சு விடுறதும் அடிப்படையில ஒரே வேலைதான்னு அதுல இருந்து விளங்கினது. நாம சாப்பிடுறது உடம்புக்குள்ள மெதுவா 'எரியுது'ன்னு விஞ்ஞானப் பாடத்துல படிக்கிறோமே, அதுக்குப் பின்னால குளிர்ல நடுங்கின ஒரு கினிபிக் இருக்கு.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ரொபர்ட் கோக், காசநோய்க்குக் காரணம் ஒரு பக்டீரியா என்று அறிவித்தார். நிரூபிக்க அவர் பயன்படுத்தினதும் கினிபிக்தான். அந்தக் கிருமி மிகக் கொஞ்சமா போனாலும் இதுக்கு நோய் வந்திடும். தொண்டை அடைப்பான் நோய்க்கு எமில் பேரிங் மருந்து தேடினப்பவும் இதுதான். அந்த மருந்தோட பலத்தை அளக்க 1897-ல போல் ஏர்லிக் வகுத்த அளவுகோல்ல 250 கிராம் எடையுள்ள கினிபிக் ஒரு பகுதி. உயிருள்ள தராசு மாதிரி. 1921-ல முதன்முதலா மனுசருக்குக் கொடுத்த பீசீஜீ தடுப்பூசியையும் அதுக்கு முன்னால கினிபிக்குக்குப் போட்டுப் பார்த்தாங்க. உங்க கையில அந்த ஊசித் தழும்பு இருக்கும், தடவிப் பாருங்க.

இன்னொரு கதையையும் வளர்க்கிறவங்க கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். 1940 மே 25 அன்று ஒக்ஸ்போர்ட்டில் ஹொவார்ட் ஃப்ளோரியின் குழு பென்சிலினை 8 சுண்டெலிகளில் சோதித்தது. மருந்து கொடுத்த நாலும் மறுநாள் காலையில உயிரோட இருந்துச்சு. அன்னைக்குச் சுண்டெலிக்குப் பதிலா கினிபிக்கை எடுத்திருந்தா பென்சிலினை விஷம்னு மூலையில வீசியிருப்பாங்க. ஏன்னா பென்சிலின் கினிபிக்கைக் கொன்னுடும். அதோட குடல்ல உள்ள நல்ல கிருமிகள் அழிஞ்சு, கெட்ட கிருமி பெருகி, சில நாள்ல செத்துப்போகும். அதனால கினிபிக்குக்குச் சளி பிடிச்சா, வீட்டுல மிச்சம் கிடக்கிற அமொக்சிசிலினைக் கரைச்சு ஊத்துறது கொலைக்குச் சமம். மிருக வைத்தியர்கிட்டப் போனாலும் 'இது கினிபிக்'னு சொல்லி, மருந்துப் பேரைக் கேட்டுக்கோங்க.

1907

1907-ஆம் ஆண்டு மூணு இடத்துல மூணு விசயம் நடந்துச்சு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் தெரியாம நடந்ததுதான். ஆனா சேர்த்துப் பார்த்தா இந்தப் பிராணியோட கதை அங்க முடிச்சுப் போட்டு நிக்குது.

முதலாவது நோர்வேயில். கப்பல் மாலுமிகளுக்கு வந்த ஒரு நோயை ஆக்சல் ஹோல்ஸ்டும் தியோடோர் ஃப்ரோலிச்சும் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கினிபிக்குகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்து வளர்த்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது பெரிபெரி நோய். வந்தது ஸ்கர்வி. முரசுல ரத்தம், மூட்டு வீக்கம், எலும்பு வலுவிழப்பு. முட்டைக்கோசு மாதிரி பச்சை உணவு கொடுத்தா நோய் வரல. எலியிலும் புறாவிலும் வராத ஸ்கர்வி இதுக்கு மட்டும் ஏன் வந்தது? எலி, நாய், முயல் எல்லாம் விற்றமின் சீயைத் தங்க உடம்புலயே செஞ்சிக்கும். கினிபிக்குக்கு அந்த வேலையைச் செய்யிற நொதியம் இல்லை. மனுசனுக்கும் இல்லை. அந்தீஸ் மலையில தினமும் பச்சைப்புல் தின்னதால அதுக்கு அந்தக் குறை தெரியவே இல்லை.

இந்த ஒற்றுமையாலதான் விற்றமின் சீ கண்டுபிடிக்கப்பட்டது. 1930-களின் தொடக்கத்துல சென்ட்-கியோர்கியின் ஆய்வுகூடம், தாங்க பிரிச்செடுத்த பொருள்தான் விற்றமின் சீன்னு உறுதி செஞ்சதும் கினிபிக்குகளை வச்சுத்தான். 1937-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது.

இரண்டாவது, நீலகிரியில். குன்னூர்ல தென்னிந்தியாவுக்கான பாஸ்டர் நிறுவனம் திறந்தது 1907-ல்.

மூன்றாவது, இலங்கையில். 1907-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மிருகத்தைக் கொடுமைப்படுத்தினா உச்ச தண்டம் 100 ரூபா, அல்லது 3 மாதம் வரை சிறை. அன்னைக்கு 100 ரூபா பெரிய காசு. நூறு வருசம் கழிச்சும் அதே சட்டம், அதே 100 ரூபா. 2006-ல சட்ட ஆணைக்குழு புதுச் சட்டமூலம் ஒண்ணை வரைஞ்சு கொடுத்தும் அது வருசக்கணக்கா கிடப்பில கிடந்தது. கூட்டுக்குள்ள ஒரு பிராணியைப் பட்டினி போட்டுச் சாகடிக்கிறவனைத் தடுக்க அந்த 100 ரூபாவால ஏலாது. சட்டம் விட்ட இடத்தை நம்ம அறிவுதான் நிரப்பணும்.

குன்னூர் மலையில

தமிழர் மலைக்குக் கினிபிக் ஆய்வு வந்த இடம் குன்னூர். முதல் உலகப் போர் முடியுற காலத்துல ரொபர்ட் மக்கரிசன் என்ற மருத்துவர் அந்தப் பாஸ்டர் நிறுவனத்துல உணவுக்குறை நோய்களை ஆராயத் தொடங்கினார். 1919-ல வெளிவந்த அவரோட ஆய்வுகள்ல கினிபிக்குகளுக்கு விற்றமின் இல்லாத உணவு கொடுத்து, அட்ரினல் சுரப்பிக்கும் சிறுநீர்ப்பைக்கும் என்ன நடக்குதுன்னு பார்த்தார். முரசும் மூட்டும் வீங்குறதுக்கு முன்னாலேயே உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கிடுது. வெளியில நல்லா தெரியுற உடம்பு உள்ளுக்குள்ள பட்டினி கிடக்கலாம்.

பிறகு அவர் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களோட சாப்பாட்டையும் போட்டுப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி தின்ன பஞ்சாப் சாப்பாட்டு எலிகள் நல்லா வளர்ந்தன. தீட்டின அரிசியை நம்பின மெட்ராஸ் சாப்பாட்டு எலிகள் நோஞ்சானா நின்னன. அவர் தொடங்கின ஆய்வுகூடம் 1958-ல ஹைதராபாத்துக்குப் போய், இப்ப தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு.

அந்த ஆய்வு நடந்த மலையைச் சுத்தித் தேயிலைத் தோட்டம். இதே காலத்துல கடலுக்கு இந்தப் பக்கம் நம்ம பாட்டன் பூட்டிமாருக்குத் தோட்டம் அளந்து கொடுத்ததும் அரிசிதான். சம்பளத்துல கழிச்சுக் கொடுத்த அரிசி. அரிசி மட்டும் போதாதுன்னு குன்னூர் கூண்டுக்குள்ள பிராணிகள் செத்துச் செத்துச் சொல்லிக்கிட்டிருந்த நேரம் அது. 1964-ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, நம்ம சனத்துல பல குடும்பம் அதே நீலகிரிக்கு அனுப்பப்பட்டுச்சு. அவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கினது.

நூறு வருசம் போயிருச்சு. இலங்கையின் 2016-ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டுல 5 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைகள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க நாடு முழுக்க 17.3 வீதம். தோட்டப்புறத்துல 31.7 வீதம். மனுசப் பிள்ளைக்கு என்ன சத்து வேணும்னு கண்டுபிடிக்க எத்தனையோ பிராணி உயிர் விட்டுச்சு. அந்த அறிவு நம்ம பிள்ளைகளோட தட்டுக்கு இன்னும் முழுசா வந்து சேரல. கினிபிக்குக்குக் கொய்யா வெட்டுற கையால வீட்டுத் தங்கச்சிக்கும் ஒரு துண்டு கொடுங்கன்னு சொல்றது சும்மா பேச்சுக்கு இல்லை. ரெண்டு பேருக்கும் ஒரே குறை, ஒரே மருந்து.

நம்ம காம்பராவுல வச்சா

இப்ப அரநாயக்கவுக்கு வருவோம். வரலாறு சொன்ன மூணையும் எடுத்துக்குங்க.

முதல்ல சாப்பாடு. அதோட சாப்பாட்டுல பெரும்பங்கு புல்லா இருக்கணும். பல்லு வளர்ந்துகிட்டே இருக்கும், புல்லை மென்னு மென்னுதான் அது தேயும். நம்ம ரோட்டோரத்துல ஆளுயரம் வளர்ற கினிப்புல் இருக்கே, அதுவே நல்ல சாப்பாடு. இன்னொரு வேடிக்கை, அந்தப் புல்லு மெய்யாவே ஆப்பிரிக்காவுல இருந்து வந்தது. கினிப்புல்லோட பேர் சரி, அதைத் தின்னுற கினிபிக்கோட பேர்தான் பிழை. களைநாசினி அடிச்ச இடத்துப் புல்லை மட்டும் தொடாதீங்க. தேயிலைக்கும் ரப்பருக்கும் இடையில வளர்ந்த புல்லுக்கு எப்ப மருந்து அடிச்சாங்கன்னு விசாரிக்காம அறுக்க வேணாம்.

விற்றமின் சீ தினமும் வேணும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 30 மில்லிகிராம், குட்டி சுமக்கிறதுக்குக் கூடுதல். ஒரு சின்னத் துண்டு கொய்யா, கறிமிளகாய், கொத்தமல்லி இலை இதுல ஒண்ணு போதும். கடையில விக்கிற முயல் தீனியை மட்டும் போட்டா 2, 3 வாரத்துலயே ஸ்கர்வி தொடங்கலாம். முயலுக்கு அந்த விற்றமின் தேவையில்லாததால அதோட தீனியில சேர்க்க மாட்டாங்க. ஆரம்பத்துல சொன்ன 'ஆயுசு முடிஞ்ச' கதைகளுக்குப் பின்னால பெரும்பாலும் இருக்கிறது இதுதான். வெங்காயம், பச்சை உருளைக்கிழங்கு, அவகாடோ கொடுக்காதீங்க.

ரெண்டாவது கூட்டம். தனியா ஒண்ணை வளர்க்காதீங்க. சுவிட்சர்லாந்துல 2008-ல வந்த விதிப்படி கூடி வாழ்ற பிராணிக்குத் துணை இருக்கணும், கினிபிக்கும் அதுல அடங்கும். ரெண்டு பொட்டையோ, சின்னதுல இருந்தே சேர்ந்து வளர்ந்த ரெண்டு கடுவனோ வைங்க. சோடி சேர்த்துட்டா கதை வேற. கர்ப்பகாலம் ஏறத்தாழ 68 நாள், குட்டிகள் கண் திறந்து, மயிரோட, பல்லோட பிறக்கும், ஒரு நாள்ல புல்லும் கடிக்கும். பொட்டை 6, 7 மாசம் தாண்டி முதல்முறையா சினைப்பட்டா இடுப்பெலும்பு விரிஞ்சு கொடுக்காது, தாயும் குட்டியும் சாகலாம்.

ரெண்டுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலத்துக்குக் குறையாத கூடு வேணும். 8 சதுர அடி. பத்துக்குப் பன்னிரண்டு காம்பரான்னா 120 சதுர அடி, அதுல பதினைஞ்சுல ஒரு பங்கு. ஆறு பேர் படுக்கிற காம்பராவுல அந்தப் பங்கைக் கொடுக்க முடியுமான்னு வீட்டுல உட்கார்ந்து பேசுங்க. முடியாதுன்னா வாங்காம இருக்கிறதும் அதுமேல வைக்கிற பாசம்தான். இஸ்தோப்புல வச்சா நாய், பூனை, சாரைப்பாம்புக்குத் தாங்குற மாதிரி கம்பிவலை அடிக்கணும். தரை மட்டும் கம்பியா இருக்கக்கூடாது, கால் புண்ணாகிடும்.

மூணாவது குளிர். அது மலைப்பிராணி, வேர்க்காது. 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரைக்கும் சுகமா இருக்கும். 30-ஐத் தாண்டினா சூடு தாங்காமச் செத்தே போகலாம். அரநாயக்க, நுவரெலியா இல்லை. பங்குனி சித்திரையில மத்தியான வெயில்ல தகரக் கூரைக்குக் கீழ வச்சிட்டுக் கொழுந்துக்குப் போயிடாதீங்க. மரநிழல், ஈரச்சாக்கு, மண்பானைத் துண்டு ஏதாவது ஒண்ணு வேணும்.

அதோட மொழியையும் கொஞ்சம் படிச்சுக்குங்க. 'வீக் வீக்'னு கத்தினா சாப்பாடு கேட்குது. உறுமுற மாதிரி மெதுவா சத்தம் வந்தா சுகமா இருக்கு. பல்லை நறநறன்னு கடிச்சா கோபம், கையை விடாதீங்க. சும்மா நிக்கிறது திடீர்னு துள்ளிக் குதிச்சா சந்தோசம், சோளப்பொரி வெடிக்கிற மாதிரி இருக்கும். சாப்பிடாம ஒரு நாள் கிடந்தா அது அவசரம். 'நாளைக்குப் பார்ப்போம்'னு விட்டா நாளை இருக்காது.

அரநாயக்கக்காரங்களுக்கு மட்டும் இன்னொண்ணு. 2016 மே 17 அன்று சாமசர மலை சரிஞ்சு எலங்கபிட்டிய, பல்லேபாகே, சிரிபுர கிராமங்களை மூடினதை இங்க யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர் போச்சு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மூணு கட்டமா மண்சரிவு எச்சரிக்கை விடுது. சிவப்பு வந்தா முதல்ல மனுசர் வெளியேறணும், அதுல மாற்றுக்கருத்து இல்லை. ஆனா மஞ்சள் வரும்போதே, ஒரு கையால தூக்கக்கூடிய மூடி வச்ச கூடையும் ஒரு கட்டுப் புல்லும் வாசல் பக்கம் தயாரா வைங்க. கூடையில்லாத பிள்ளைதான் சிவப்பு எச்சரிக்கை நேரத்துல கினிபிக்கைத் தேடித் திரும்ப ஓடும். அந்த ஓட்டத்தைத் தவிர்க்கிறதுக்காகவாவது கூடை வேணும்.

கடைசியா வாங்குறதுக்கு முன்னால ஒரு கணக்குப் போடுங்க. இன்னைக்கு ஓ.எல். படிக்கிற தம்பி வாங்குற கினிபிக், அவன் ஏ.எல். முடிச்சு கொழும்புக்கு வேலைக்குப் போற வருசமும் உயிரோட இருக்கும். அப்ப அதுக்குப் புல்லு அறுக்கப்போறது வீட்டுல இருக்கிற அம்மாயியா, தங்கச்சியா? அவங்ககிட்ட இப்பவே கேளுங்க. அவங்க சம்மதிச்ச பிறகு கடைக்குப் போங்க. போனா ரெண்டா வாங்குங்க. நல்ல பேராவும் வைங்க. இதுவரைக்கும் அதுக்கு வச்ச பேர் எதுவும் சரியா அமையல.